ஜெராக்ஸ் புத்தகத்தில் அண்ணன் எழுதியது

கறம்பக்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார், பட்டா, சாதிச் சான்றிதழ் என்று நாள் முழுக்கத் தாள்கள் என் கையில் புழங்கும். எதையும் படிக்க மாட்டேன். ஓரம் கோணாமல் விழுகிறதா என்று மட்டும் பார்ப்பேன். ஒரே ஒரு முறைதான் ஒரு புத்தகத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டே பிரதி எடுத்தேன்.

அதைக் கொண்டுவந்தவர் கடைவீதியில் குடியிருக்கும் ஒரு அக்கா. வீட்டுக்காரர் வளைகுடாவில் இருந்தபோது அவருடைய பாஸ்போர்ட் நகல் எடுக்க அடிக்கடி வருவார். அன்று தலையில் துப்பட்டாவை இழுத்துவிட்டபடி ஒரு நூலகப் புத்தகத்தை மேஜையில் வைத்தார்.

"முழுசா எடுத்துத் தரணும்மா. நாளைக்கு லைப்ரரியில திருப்பிக் கொடுத்தாகணும். கடையில தேடிப் பாத்துட்டேன், கெடைக்கல."

"சாயங்காலம் வாங்கக்கா, எடுத்து வைக்கிறேன்."

முதல் சில பக்கங்களை வழக்கம்போல் பார்க்காமலேயே எடுத்தேன். பிறகு ஒரு தாள் மெஷினில் சிக்கிக்கொண்டது. மெல்ல உருவி எடுத்து, எந்தப் பக்கம் என்று பார்க்கப் போனவள் அப்படியே படித்துவிட்டேன். தபால் ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் தன் மனநோயைப் பற்றித் தானே எழுதிய புத்தகம் அது. மின்விசிறி தன்னைப் பற்றி ஊர்க்காரர்களோடு பேசுகிறது என்று நினைத்து, கோடை முழுக்க அதை அணைத்துவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருந்ததை அந்தப் பக்கத்தில் சொல்லியிருந்தார்.

எனக்குக் கை ஓடவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருவன் அப்படித்தான் மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நான் அந்தப் பக்கத்தைப் படித்த நேரத்தில் அவன் எங்கள் தோப்பில் இருந்த மோட்டார் கொட்டகைக்குள் பூட்டப்பட்டிருந்தான்.

அண்ணன் என்னைவிட நான்கு வயது பெரியவன். டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். ஒரு வருடம் ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் போனில் பேச்சு மாறியது. "இங்க எல்லாரும் என்னயப் பத்தியே பேசுறாங்க" என்பான். ஒருநாள் பாதித் துணிமணிகளை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். குளிக்க மாட்டான். அம்மா போட்ட சோற்றில் நான் ஒரு வாய் தின்று காட்டினால்தான் தொடுவான்.

அப்பா அதைத் திமிர் என்றார். "வேலைக்குப் போகச் சோம்பேறித்தனம். நடிக்கிறான்." கஜா புயலில் தென்னைகள் சாய்ந்ததிலிருந்தே அப்பாவுக்குச் சாதாரணமாகப் பேச வராமல் போயிருந்தது. எதற்கெடுத்தாலும் சத்தம்தான். அம்மா கோயில் கோயிலாகப் போய்க் கயிறு வாங்கிவந்து அண்ணன் கையில் கட்டினாள். எனக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம், அண்ணனைப் பற்றிக் கேள்விப்பட்டதும் நின்றுபோனது. அப்போது எனக்கும் அவன்மேல் கோபம்தான். அவனுக்கு என்ன ஆயிற்று என்று ஒருநாளும் நான் யோசிக்கவில்லை. என் வாழ்க்கை இப்படி ஆகிவிட்டதே என்றுதான் யோசித்தேன்.

பக்கத்து வீட்டு டிஷ் ஆண்டெனாவிலிருந்துதான் குரல் வருகிறது என்று சொல்லி, ஒருநாள் அதைக் கல்லால் அடித்து நொறுக்கிவிட்டான். அவர்கள் வந்து சண்டை போட்டார்கள். அன்றைக்கே அப்பா அவனை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டகையில் பூட்டினார். ஒன்பது நாள். ஒரு சாவி அப்பாவிடம், இன்னொன்று என் கைப்பையில். தினமும் இரண்டு வேளை ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டினேன். சாவி கையில் இருந்தும் நான் கதவைத் திறக்கவில்லை. திறந்துவிடு என்று அவனும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், "மழை வருமா?" என்று கேட்டான். தெரியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் அக்கா வந்தபோது அழுது அழுது என் முகம் வீங்கியிருந்தது. மேஜையில் ஒரு கட்டுக்குப் பதில் இரண்டு கட்டு இருந்தது.

"படிச்சியாம்மா?"

"ஆமாக்கா. உங்களக் கேக்காம எனக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவம் என்ன இதுல? யாருக்கு?"

"எங்க அண்ணனுக்கு."

வீட்டுக்கு வெளியே யாரிடமும் நான் அதுவரை சொன்னதில்லை. அக்கா பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டுக்காரரை அவர் மச்சான் என்றுதான் சொல்வார்.

"எங்க மச்சானுக்கும் இதான். வேல பாத்த எடத்துல ஆரம்பிச்சு, பாதியில திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப மூணு வருஷமா மாத்திரை சாப்புடுறாக. துணிக்கடையில நிக்கிறாக. இந்த நகலு மச்சானோட அக்கா வீட்டுக்கு. அங்க இன்னும் மச்சானுக்குப் பேய் புடிச்சிருக்குன்னே சொல்லிக்கிட்டு இருக்காங்க." பிறகு கேட்டார். "அண்ணன் இப்ப எங்கம்மா இருக்காரு?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"நானும் மச்சான ரெண்டு நாள் ரூமுக்குள்ள வச்சுப் பூட்டுனவதான். பயம். வேற என்ன செய்றதுன்னு தெரியல. நீ இப்பப் போயி மொதல்ல கதவத் தொற. காலையில புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன்."

ஷட்டரை இழுத்துவிட்டு நேராகத் தோப்புக்குப் போனேன். வெளிச்சம் இன்னும் இருந்தது. அப்பா வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நான் பூட்டில் சாவியைப் போட்டதைப் பார்த்து மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"யாரக் கேட்டுத் தொறக்குற?"

"பூட்டுனப்ப நீங்களும் யாரையும் கேக்கலப்பா. இப்ப நானும் கேக்கல."

கதவைத் திறந்தேன். அண்ணன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து வாய்க்கால் தண்ணீரில் முகம் கழுவினான். தாடி வளர்ந்திருந்தது. காலெல்லாம் கொசுக்கடி. அதையே பார்த்துக்கொண்டு நின்ற அப்பா போய் மோட்டாரை நிறுத்தினார். அந்தப் பூட்டை அப்புறம் யாரும் தொடவில்லை.

மறுநாள் அண்ணன், அம்மா, நான், அக்கா நாலு பேரும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். அப்பா வரவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் நான் சொல்ல ஆரம்பித்தபோது அவர் என்னைக் கையமர்த்திவிட்டு அண்ணனைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. என்ன கேக்குது? ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?" அண்ணன் திகைத்துப்போனான். அப்புறம் பேச ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. வெளியே வந்ததும், "இத்தன நாளா யாருமே கேக்கல" என்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாத்திரை சாப்பிட்டதும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதலில் தூக்கமாகத் தூங்கினான். கை நடுங்கியது. உடம்பு ஊதியது. இரண்டு முறை மருந்தை மாற்றினார்கள். மூன்றாவது மாதம்தான் மின்விசிறிக்குக் கீழே படுத்தான். பகலில் கடைக்குக் கூட்டிவந்து என் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டேன். மாதம் ஒருமுறை அக்கா கடைக்கு வந்து அவனிடம் மாத்திரையைப் பற்றி விசாரிப்பார். மச்சானுக்கும் முதலில் கை நடுங்கியது என்று அவர் சொன்னதில் அவனுக்கு அவ்வளவு தைரியம் வந்தது.

அப்புறம் ஒருநாள், நான் எடுத்து வைத்திருந்த நகலை ஸ்பைரல் போட்டு அவனிடம் கொடுத்தேன். பென்சிலும் கையுமாகப் படித்தான். ஓரத்தில் எழுதினான். 'எனக்கும்.' 'எனக்கு இப்படி இல்லை.' 'இது பொய், அந்த நேரத்தில் பசி தெரியாது.' எழுதியவரோடு சண்டை போட்டுக்கொண்டே போனான். அவரைக் குடும்பத்தார் மாட்டுக் கொட்டிலில் கட்டிப்போட்டதும், பிற்பாடு அவர்களை அவர் மன்னித்ததும் ஒரு அத்தியாயத்தில் வரும். அதன் கீழே அண்ணன் எழுதியிருந்தான்: 'என்னால் இன்னும் முடியவில்லை.'

அதைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் தாள் கட்டுகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒருநாள் மதியம் சாப்பாடு கொண்டுவந்த அப்பா, கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று துழாவப்போய் அதை எடுத்துவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோனார். மூன்றாம் நாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணனிடம் சொன்னார்.

"புத்தகத்த நான் படிக்கலய்யா. நீ எழுதுனத மட்டுந்தான் படிச்சேன்."

அண்ணன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான்.

"நீ நடிக்கிறன்னு நெனச்சேன். தப்புதான்." அப்பா தண்ணீர்ச் சொம்பை அண்ணன் பக்கம் நகர்த்தினார். "முடியலன்னா விடு. முடியிற அன்னிக்குச் சொல்லு. அதுவரைக்கும் நான் எங்கயும் போயிர மாட்டேன்."

அண்ணன் அம்மா பக்கம் திரும்பினான். "அப்பாவுக்கு ரசம் ஊத்தும்மா" என்றான். எங்கள் வீட்டில் அப்படி அமைதியாகச் சாப்பிட்டு வருடக்கணக்காகியிருந்தது.

அந்த மாதத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவது அப்பாதான். டாக்டரிடம் என்னவெல்லாம் கேட்க வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார். நூலகத்தில் இந்த மாதிரிப் புத்தகங்கள் இன்னும் சில இருக்கின்றன, அக்காதான் சொன்னார். அம்மாவின் நோயோடு வளர்ந்த ஒரு மகள் எழுதியது, குடிகார அப்பாவைப் பற்றி மகன் எழுதியது. அண்ணன் ஒவ்வொன்றாக எடுத்துவருகிறான். நானும் படிக்கிறேன். தன் வீட்டு அவமானத்தைப் பெயர் போட்டு எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அந்தத் தபால் ஆபீஸ்காரரை நான் பார்த்ததில்லை. பார்த்தால் என்ன சொல்வேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். உங்களால் எங்கள் வீட்டில் ஒரு கதவு திறந்தது என்று சொல்வேன். அக்காவிடம் அதை நேரிலேயே சொல்லிவிட்டேன். "அட, மெஷின்ல தாளு சிக்குனதுக்கு நானா பொறுப்பு?" என்று சிரித்தார்.

போன வருடம் அண்ணன், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டான். ஆறு வாரம் கழித்து ஒரு காலையில் அவனே வந்து நின்றான். என்னிடம் வரவில்லை, அம்மாவிடமும் போகவில்லை. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் போனான்.

"மறுபடியும் கேக்குதுப்பா. மாத்திரய நான்தான் நிறுத்துனேன்."

அப்பா சத்தம் போடவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்தார்.

"சொன்னியே, அது போதும்யா. சட்டயப் போடு, போய்ட்டு வந்துருவோம்."

இரண்டு பேரும் எட்டரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார்கள். சில வாரங்களில் குரல் அடங்கியது. இப்போது அண்ணன் கடையில் முழுநேரமும் இருக்கிறான். ஸ்பைரல் போடுவதில் என்னைவிட அவன் வேலை சுத்தம்.