மிஸ்ஸியின் அரைத்தாள்

‘கிணற்றை மூடுங்கள்’ என்றுதான் அந்த அரைத்தாள் ஆரம்பித்தது. வணக்கமில்லை, வந்தனமில்லை. மலாக்கா டவுனில், காஜா பேராங்கில் வாடகை வீட்டு வரிசைக்குப் பின்னால் இருக்கும் கிணற்றில் கக்கூஸ் தண்ணீர் கசிகிறது. குடிக்கிற பிள்ளைகளுக்கு டைபாய்டு. கிணற்றை மூடி, ரோட்டுக் குழாயிலிருந்து ஒரு கிளை இழுத்துக் கொடுக்க வேண்டும். உத்தரவு போட வேண்டியவர் நீங்கள். அவ்வளவுதான். கீழே, காய்ச்சலில் கிடந்த பிள்ளைகளின் பெயர்கள், வீட்டு நம்பரோடு. மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா சுதந்திரத்துக்கு, முந்தின வருஷம். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் நர்ஸ், எங்களுக்கெல்லாம் மிஸ்ஸி, அதை எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் எழுதிக் கொண்டுவந்தார். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். நான் அங்கே டைப்பிஸ்ட்.

மிஸ்ஸி மலாக்கா செட்டி குடும்பத்துப் பெண். நெற்றியில் விபூதி இருக்கும், வாயில் தமிழ் இருக்காது. எங்களோடு மலாய்தான் பேசுவார். “பெரியவங்களுக்கு நேரம் கிடையாது. கேக்க வேண்டியதை முதல் வரியிலேயே கேட்டுடணும்” என்பார். இன்றுவரை அதைவிடப் புத்தியுள்ள வார்த்தையை நான் எந்த ஆபீஸிலும் கேட்டதில்லை.

ஆனால் எங்கள் தலைமைக் குமாஸ்தா பெரிய கிராணியின் கையெழுத்தில்லாமல் துரை மேஜைக்கு ஒரு துரும்பு போகாது. தாளைப் பார்த்ததும் மனிதர் துள்ளிக் குதித்தார். “என்னாது இது? துரைக்கே ஆர்டர் போடுதா இந்தப் பொம்பளை? பணிவா நாலு வார்த்தை எழுதத் தெரியாதா?” உட்கார்ந்து எழுதினார் பாருங்கள், நாலு பக்கம்! மேன்மை தங்கிய துரையவர்களின் சமூகத்துக்கு என்று தொடங்கி, இலாகாவின் சேவையைப் புகழ்ந்து, மழைக்காலத்தின் இயல்பை விளக்கி, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்காத ஜனங்களையும் ஒரு பிடி பிடித்தார். பிள்ளைகளின் பெயர்களை அடித்தார். “பேரெல்லாம் எதுக்கு? நம்ம ஜனங்களுக்குத்தான் அசிங்கம்.” கிணறு நாலாம் பக்கத்தின் கடைசி வரிக்குப் போய்விட்டது. அதுவும் ‘ஆவன செய்தால் நன்றியுடையோம்’ என்று. பாவி நான், ஆஹா, என்ன இங்கிலீஷ் என்று மெச்சிக்கொண்டே அதை டைப் அடித்தேன்.

கடிதம் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் துரையின் நீலப் பென்சிலால் ‘பார்த்தேன், நன்றி’. மற்ற மூன்று பக்கங்களை யாரும் புரட்டிய அடையாளமே இல்லை. அந்த வாரம் மிஸ்ஸியின் பட்டியலில் மூன்றாவதாக இருந்த பெண்பிள்ளை செத்துப்போனாள். ஏழு வயது. அவளுடைய தம்பி அப்போதும் அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தான்.

மிஸ்ஸி வந்தார். திட்டியிருந்தால்கூட என் மனசு ஆறியிருக்கும். “என் தாள் எங்கே?” என்று மட்டும் கேட்டார். என் டிராயரில் இருந்தது. பெரிய கிராணி கோப்பிக் கடைக்குப் போயிருந்த நேரம். ஒரு வரி மாற்றாமல் அடிக்கத் தொடங்கினேன். மூன்றாவது பெயர் வந்ததும் மிஸ்ஸி விரலை வைத்தார். “இதை மட்டும் மாத்து.” பெயருக்கு எதிரே காய்ச்சல் என்று இருந்த இடத்தில் மரணம் என்று அடித்தேன்.

அவரே தாளை எடுத்துக்கொண்டு துரையின் அறைக்குள் போனார். கதவு திறந்தே இருந்தது. துரை நின்றபடியே படித்தார். உட்காரக்கூட இல்லை. உடனே டெலிபோனை எடுத்தார். பேசி முடித்துவிட்டு, “இதை ஏன் முன்னாலேயே யாரும் என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டார். மிஸ்ஸி திரும்பி என்னைப் பார்த்தார். இரண்டே நாளில் கிணறு மூடியாயிற்று, அடுத்த வாரம் குழாயும் வந்துவிட்டது. “நான்தான் மொதல்லயே எழுதினேனே!” என்று பெரிய கிராணி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வெட்கங்கெட்ட ஜென்மம்! மெர்டேக்கா வந்தது, துரை போனார், நம்மவர்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். நாலு பக்கப் பணிவு மட்டும் போகவில்லை. எவனாவது “கொஞ்சம் பணிவா எழுதுங்க” என்றால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

எரிச்சல் அவர்கள் மேல் மட்டுமில்லை. குழாய் வந்த சில நாட்களில் ஜாலான் பெண்டஹாராவில் மளிகைக் கடை வாசலில் ஒருவர் என்னை நிறுத்தினார். அந்தப் பெண்பிள்ளையின் தகப்பன். “தம்பி, நீங்க அந்த ஆபீஸ்தானே? உங்க புண்ணியத்துல என் பையனுக்கு நல்ல தண்ணி கெடைச்சிச்சு” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அந்த நாலு பக்கத்தை டைப் அடித்த அதே கைகளால் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.