மாப்பிள்ளையின் போத்தல்

போன கிழமை ஒரு போத்தலுடன் செக்பொயின்ற்றில் அகப்பட்டுக்கொண்டேன். கையும் களவுமாக!

போத்தலுக்குள் இருந்தது என் மனைவியின் தங்கை சுகந்திக்குப் பார்த்த மாப்பிள்ளையின் சிறுநீர். அதை நான் ஏன் சுமந்தேன்? சொல்கிறேன்.

சுகந்தியின் கலியாணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. ஒருமுறை மூதூர் லோஞ்ச் படகு ஓடவில்லை. மறுமுறை ஊரடங்கு. மறுபடியும் நாள் குறித்து, கலியாண உடுப்பு எடுக்க மாப்பிள்ளை ரவி மூதூரிலிருந்து திருகோணமலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர்க் கோப்பையை வாங்கக் கையை நீட்டினார் — உள்ளங்கை மஞ்சள்!

“தம்பி, செங்கமாரியோ?” என்று கேட்டது நான்தான். செங்கமாரி என்றால் மஞ்சள் காமாலை.

அதன் பிறகு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. குசினிக்குள் அடுப்படியில் சுகந்தி அழும் சத்தம் கேட்டது. இந்தச் சண்டைக் காலத்தில் இன்னொரு முறை தள்ளிப்போட்டால்... பாதை திறந்திருக்குமா, ஆட்கள்தான் இருப்பார்களா, யாருக்குத் தெரியும்?

நான் விடவில்லை. “சோதிச்சுப் பாக்காமல் தாலி கட்ட ஏலாது” என்று தீர்ப்புச் சொன்னேன். வீட்டுக்கு மூத்த மருமகன் அல்லவா? எனக்கே சில நாட்களாகச் சாப்பாட்டைக் கண்டால் குமட்டல், உடம்பெல்லாம் அலுப்பு. கலியாண அலைச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் எடுத்த சிறுநீர் வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். கூட வந்த ரவிக்கோ அதைத் தூக்க வெட்கம். ஆகவே போத்தல் என் பையில்.

செக்பொயின்ற்றில் சிப்பாய் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். “மொனவத மே?” என்ன இது என்று கேட்கிறான். எனக்குத் தெரிந்த சிங்களம் மீன் வாங்கப் போதும், இதற்குப் போதாது. சந்தேகத்துடன் குலுக்கினான். நுரைத்தது. சந்தேகம் இன்னும் கூடியது... வேறு வழியில்லாமல் ரவியைக் காட்டி, போத்தல் எப்படி நிரம்பியது என்பதைச் சைகையில் விளக்கினேன். சிப்பாய் அதை இரண்டு விரலால் திருப்பித் தந்துவிட்டு, கையைக் காற்சட்டையில் துடைத்தான். வரிசை முழுவதும் சிரித்தது. அந்த இடத்தில் சனம் சிரித்து நான் கண்டதில்லை.

கிளினிக்கில் டொக்டர் அம்மாவும் செய்தது என்ன தெரியுமா? அவரும் போத்தலைக் குலுக்கினார்!

“நுரை வெள்ளை. செங்கமாரி எண்டால் நுரையும் மஞ்சளாய் இருக்கும்.” ரவியின் இமையை இழுத்துப் பார்த்தார். “கண்ணும் வெள்ளைதான். தம்பி, என்ன சாப்பிடுறனீங்கள்?”

“எங்கட பக்கம் சாமான் வாறது குறைவு, டொக்டர். காலமையும் பின்னேரமும் பூசணிக்காயும் பப்பாசிப்பழமும்தான்.”

“அந்த நிறம்தான் தோலில ஏறியிருக்கு. போய்க் கலியாணத்தைச் செய்யுங்கோ!”

எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து கும்பிட்டேன். டொக்டர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்கள் இருங்கோ. உங்கட கண்ணை ஒருக்காக் காட்டுங்கோ.”

பிறகென்ன? எனக்கும் ஒரு போத்தல் கிடைத்தது. குலுக்கினார் — நுரை நல்ல மஞ்சள்! விரலில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சின்ன அட்டை ஒன்றில் விட்டார். ஒரு கோடு வந்தால் பயமில்லை. இரண்டு வந்தால் ஈரலில் நெடுநாள் குடியிருக்கக்கூடிய ‘பி’ வகைச் செங்கமாரி. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் கூப்பிடாத தெய்வமில்லை. ஒற்றைக் கோட்டோடு நின்றது.

“தண்ணியால வாற வகையாய்த்தான் இருக்கும். மிச்சத்தை இரத்தச் சோதனையில பாப்பம். கொதிச்சாறின தண்ணி, நல்ல ஓய்வு. கலியாணச் சமையல் பக்கம் போகப்படாது!”

அடுத்தவர் உள்ளங்கையை இவ்வளவு கூர்மையாகப் பார்த்த நான், என் கண்ணைப் பார்க்கவேயில்லை. சவரம் செய்யும்போது கண்ணாடியில் நாடியைத்தானே பார்க்கிறோம்?

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். பாவம், என்மேல் எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்து போனேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“குறை நினைக்காதேங்கோ, அத்தான்... அவருக்கு எண்டு நினைச்சு அழுதனான். உங்களுக்கு எண்டதும் சிரிப்பை அடக்க ஏலாமல் போச்சு!”