தொடாமல் சொன்ன கோ

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஆபீசில் பெருமையாகப் பேசியதை இப்போது நினைத்தாலும் வாயைக் கொப்பளிக்கத் தோன்றுகிறது. எனக்குக் கள்ளக்குறிச்சியில் டைப்பிஸ்ட் வேலை. சாயங்காலம் நைனார்பாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நேராக வீட்டுக்குப் போகமாட்டேன். பள்ளிக்கூட மைதானத்தில் பெண்பிள்ளைகளுக்குக் கோ-கோ சொல்லிக் கொடுப்பேன். சம்பளம் கிடையாது, கல்லூரியில் ஆடிய ஆட்டம், விட மனசில்லை. ஆட்டம் முடிந்ததும் என் மகள் முன்னால் ஓடிவிடுவாள். நான் காய்கறி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் அவளைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பாடப் புத்தகத்தோடு உட்கார வைத்திருப்பார் அவர். வேலை, மைதானம், வீடு மூன்றையும் அவர் தயவில்தான் சமாளிப்பதாக நம்பினேன். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பார் என்று கூட வேலை செய்கிறவர்களிடம் பீற்றிக்கொண்டேன்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த காலம். சாலையில் மரத்தை வெட்டிப் போட்டால் பஸ் நின்றுவிடும்; செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கிளைகளைத் தாண்டி நடந்திருக்கிறேன். படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதிக்காரர்கள் பங்கு கேட்டதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் அந்தச் சூட்டில் ஊருக்கும் காலனிக்கும் இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றுபோனது. என் அணி மட்டும் உடையவில்லை. ஊர்ப் பிள்ளைகள், காலனிப் பிள்ளைகள், ஹாஸ்டலில் தங்கிப் படித்த கல்வராயன் மலைப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு.

கள்ளக்குறிச்சியில் ஒரு போட்டி. ஜெயித்தால் மாவட்ட ஆட்டத்துக்குப் போகலாம். லீவு போட்டுவிட்டுக் கூட்டிப் போனேன். துரத்துகிறவள், வரிசையில் உட்கார்ந்திருப்பவளின் முதுகைத் தொட்டு 'கோ' சொன்னால்தான் அவள் எழுந்து துரத்தலாம். தொடாமல் சொன்னால் ஃபவுல். என் மகள் தொடாமல் சொன்னாள். விசில். மறுபடியும் விசில். ஊர்ப் பிள்ளைகளை நன்றாகத் தட்டுகிறாள். மற்றவர்களிடம் கை முதுகுவரை போய் நின்றுவிடுகிறது. தோற்றோம்.

குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாடி ஆச்சு உனக்கு?"

"அவங்களத் தொட்டா அப்பா வூட்டுக்குள்ள வுட மாட்டாரும்மா. பின்னால நிக்க வெச்சி தண்ணி ஊத்துவாரு. இன்னைக்காவது தொடலன்னு சொன்னா வுட்டுடுவாருன்னுதான். குளுருதும்மா."

அந்த மார்கழி முழுக்க அவள் இருமிக்கொண்டிருந்தாள். நான் கற்பூரவள்ளிக் கசாயம் வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த காலனிப் பிள்ளை ஒருத்தி எல்லாவற்றையும் கேட்டாள். காலில் ஒட்டிய மண்ணைக் கழுவினாள்.

வீட்டுக்குப் போனபோது பின்வாசலில் வாளி தயாராக இருந்தது.

"அவளுக்கு மட்டும் இன்னாத்துக்கு ஊத்தறீங்க? எனக்கும் ஊத்துங்க. நானும் தெனம் அதே புள்ளைங்க கையப் புடிச்சிதான் சொல்லிக் குடுக்கறேன்" என்று கத்தினேன்.

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "இன்னா புதுசா பேசுற? நீயுந்தான் வந்தவொடனே குளிச்சிட்டு அடுப்பாண்ட போற. அதுக்குத்தான் குளிக்கிறன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

சீ! வேர்வைக்கு நான் குளித்த குளியலைக்கூடத் தன் அழுக்கோடு சேர்த்து வைத்திருந்திருக்கிறார். அவர் பிடித்திருந்த சொம்பைத் தொடவும் பிடிக்கவில்லை. வாளியை எட்டி உதைத்துவிட்டு, மகளை முன்வாசல் வழியாக உள்ளே கூட்டிப் போனேன். மைதானத்து மண்ணோடு, வேர்வை நாற்றத்தோடு சோறு வடித்தேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். ராத்திரி பசி தாங்காமல் தானே வந்து போட்டுச் சாப்பிட்டார். அதைப் பார்க்க இன்னும் அசிங்கமாக இருந்தது.

மறுநாள் மைதானத்தில், குழாயடியில் நின்ற அந்தப் பிள்ளையின் முதுகை என் மகள் நன்றாக அழுத்தித் தொட்டு 'கோ' என்றாள். அந்தப் பிள்ளை எழுந்து ஓடவில்லை. உட்கார்ந்தபடியே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வேணாம் டீச்சர். அவளுக்குக் குளுரும்."