கொக்கியில் தொங்கிய விதைச் சாமை

"எங்க காலியா கீதோ அங்க உக்காருங்க சார். இங்க யாருக்கும் தனி இடம் கிடையாது" என்றாள் ஆபீஸில் வேலை செய்யும் அந்தப் பெண்.

கள்ளக்குறிச்சியில் வடக்கனந்தல் சாலையோரம் இருந்த எங்கள் பழைய தானியக் குடோனை இப்போது கம்ப்யூட்டர் ஆபீஸாக்கிவிட்டார்கள். கண்ணாடிக் கதவு, ஏசி, மேசைக்கு மேசை நம்பர். இருபத்திரண்டு வயதில் அங்கே குமாஸ்தாவாக இருந்தவனாயிற்றே என்று, கட்டடத்தைப் பார்த்துக்கொள்ள என்னையே வைத்துக்கொண்டார்கள். டிபன் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தேன். உத்தரத்தில் அதே இரும்புக் கொக்கிகள். அழகாக இருக்கிறதாம், விளக்கு மாட்டியிருக்கிறார்கள். டிபன் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன், போங்கள்.

அந்தக் கொக்கிகளில் கல்வராயன் மலைக்காரர்களின் விதைச் சாமை தொங்கும். அறுப்பு முடிந்ததும் சின்னச் சின்ன மூட்டையாகக் கொடுத்துவிட்டு, மழைக்கு முன் வந்து எடுத்துப்போவார்கள். "வூட்ல இருந்தா பசிக்குப் பொங்கித் தின்னுடுவோங்க" என்று சிரிப்பார் சின்னப்பொண்ணு. என் அம்மா வயது. நான் அவரை 'வா, போ' என்பேன். அவர் எனக்கு 'ங்க' போடுவார். அப்போது அது உறுத்தக்கூட இல்லை.

ஒவ்வொரு குடும்பமும் கற்றாழை நாரால் தனக்கென்று ஒரு முடிச்சுப் போட்டிருக்கும். எனக்கோ சுத்தம் என்றால் பைத்தியம். பேனாவுக்குக்கூடத் துணி சுற்றி வைக்கிற ஆள். ஒரு கோடையில் நாரையெல்லாம் அறுத்தெறிந்து, சாமையை ஒரே மாதிரி புதுச் சாக்குகளில் மாற்றி, சணலால் கட்டி, சிவப்பு மையில் நம்பர் எழுதினேன். எது யாருடையது என்று வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. முடிச்சுதான் பெயர் என்பது இந்த மண்டையில் ஏறவில்லை. முதலாளி வேறு முதுகில் தட்டிக்கொடுத்தார்.

சின்னப்பொண்ணு வந்து முடிச்சைத் தேடினார். பிறகு சாக்கு சாக்காகக் கைவிட்டு, உள்ளங்கையில் தேய்த்து, மோந்து பார்த்தார்.

"எங்குளுது எதுங்க?"

"எல்லாம் சாமைதானே! எதாச்சும் ஒண்ண எடுத்துக்கினு போ."

அவர் கோபப்படவில்லை. பதினேழாம் நம்பரைத் தலையில் வைத்துக்கொண்டு போனார். அந்த வருஷம் மலையில் யார் விதை யார் கொல்லையில் முளைத்ததோ!

ஆவணிக் கடைசியில் மறுபடி வந்தார். "எங்குளுது சிட்டஞ்சாமைங்க, சீக்கிரமா வெளஞ்சிடும். நீங்க குடுத்தது பெருஞ்சாமை. இன்னும் பச்சையா நின்னுகினு கீது. வூட்ல ஒண்ணுமில்ல. எதனா வேல கீதாங்க?"

தப்பு என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், பாவி. குடோனைப் பெருக்கச் சொன்னேன். அந்தக் கொக்கிகளுக்குக் கீழேயே பெருக்கினார். தூசியில் கிடந்த சாமையைப் புடைத்து முந்தானையில் முடிந்துகொண்டார். நான் அறுத்தெறிந்த அதே முடிச்சு.

அடுத்த வருஷம் மலையிலிருந்து ஒருவரும் விதை கொண்டுவரவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

நேற்று அந்தப் பெண் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்: "இந்தக் கொக்கில அப்போ இன்னா சார் மாட்டுவீங்க?"

"சும்மா, எதாச்சும் சாமான்" என்றேன்.