பெரிய வெள்ளிக்கிழமை உடைந்த கை

அன்று டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: நான். என் வீட்டுக்காரர். அவர் தங்கை சவரியம்மாள். டாக்டர் ஐயா. கம்பவுண்டர். என் மகள் சிசிலியா, எட்டு வயது. ஆண்டவரும் இருந்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

சமஸ்தானத்து ராஜா ஆட்சி போய் நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். பெரிய வெள்ளிக்கிழமை. ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர். கோயிலுக்குப் புறப்படும்போது பிள்ளை மாட்டுவண்டியிலிருந்து விழுந்தாள். இடது முன்கை அரிவாள் போல வளைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு எலும்புக்கட்டு போட்டதை நான் பார்த்திருக்கிறேன். நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, கையை இழுத்தார்கள். அவன் கத்தியது காதை விட்டுப் போகவில்லை. அதே வண்டியில் பிள்ளையைக் கொண்டுபோனோம். வழியெல்லாம் என் வேண்டுதல் ஒன்றுதான். கை கோணலானாலும் சரி, இவள் அப்படிக் கத்தக் கூடாது மாதாவே.

ஆஸ்பத்திரி வாசலில் சவரியம்மாள் இட்லி வாங்கி வந்தாள்.

"வெறும் வயித்துல வலி தாங்குவாளா மதினி? ரெண்டு வாய் ஊட்டுங்க."

"நான் ஒருசந்தி அத்தே," என்றாள் பிள்ளை.

ஒருவேளைச் சாப்பாட்டு நோன்பு பெரியவர்களுக்குத்தான். இவள் காலையிலேயே கஞ்சியைத் தள்ளிவிட்டாள்.

"பெரிய சாமியாரு இவ! மயங்கி விழுந்தா யாருடி தூக்குறது?"

நானும் ஊட்டிப் பார்த்தேன். வாயை இறுக்கிக்கொண்டாள்.

டாக்டர் விரல்களைத் தொட்டுப் பார்த்தார். "நீலம் பூக்குது. ஒடனே எலும்பைச் சேக்கணும். மயக்க மருந்து குடுத்தா வலி தெரியாது. ஆனா வயித்துல சாப்பாடு இருந்தா, வாந்தி வந்து மூச்சை அடைச்சுரும். என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க."

"எல்லாத் தாயும் இதத்தான் சொல்லுது. சாப்பிட்டிருந்தா சொல்லிருங்க. ஆளுங்கள விட்டுப் பிடிச்சுத்தான் இழுக்கணும்."

கம்பவுண்டரும் எங்களைப் போல வேதக்காரர். குனிந்து பிள்ளையிடம் கேட்டார்.

"நேத்து ராத்திரி சோறு. இன்னைக்கு ஒருசந்தி," என்றாள்.

"நெசந்தாங்க ஐயா. இன்னைக்கு எங்க ஆளுக பட்டினிதான்."

டாக்டர் சிரித்துவிட்டார். "எங்க வீட்டு ஏகாதசிக்கே நான் ஒளிஞ்சு திங்கிறவன். வாம்மா உள்ள."

திரைக்கு வெளியே நின்றேன். மூக்கில் துணி போட்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள்.

"எண்ணு தாயி," என்றார் கம்பவுண்டர்.

எண்ணினாள். குரல் குழைந்தது. நின்றது. கத்தலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. திரை விலகியபோது மாவுக்கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தாள். விரல்கள் சிவந்திருந்தன.

நான் வண்டியில் கேட்டதற்குக் காலையிலேயே பதில் வைத்துவிட்டார் ஆண்டவர். நான்தான் அதைக் கெடுக்க இட்லி ஊட்டப் பார்த்தேன். அதிலிருந்து பிள்ளைகளின் பக்தியை என் வீட்டில் யாரும் கேலி செய்வதில்லை.

சிசிலியாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. அந்தக் கையால்தான் குடம் தூக்குகிறாள். உங்கள் பிள்ளைக்கு நோவு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்காமல் இருக்கவும் கேளுங்கள். அது சின்ன வேண்டுதல் இல்லை.

பாஸ்காவுக்குப் பாஸ்கா, ஆண்டவர் உயிர்த்த திருநாளில், மெழுகுதிரி ஏற்றுகிறேன். அவள் எதுவரை எண்ணினாளோ அத்தனை.

பதினொன்று.