மாப்பிள்ளை எழுதிய விடுமுறைத் திட்டம்

எங்கள் வீட்டில் ஐமிச்சத்துக்கு, அதாவது சந்தேகத்துக்கு, மட்டும் ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. நீர்வேலியில் அப்பாவைத் தெரிந்த எல்லாருக்கும் இது தெரியும். வாழைக்குட்டி வாங்கப் போனால், தோட்டக்காரன் காட்டுகிற குட்டியை விட்டுவிட்டு அவன் காட்டாத மூலையில் நிற்பதைத்தான் முதலில் போய்ப் பார்ப்பார். யாராவது சிரித்துக்கொண்டு படலையைத் திறந்தால், "உவருக்கு என்ன தேவையோ தெரியேல்லை" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் வாங்கோ என்பார். அம்மா இருந்த காலத்தில் அவரைக் கொஞ்சம் அடக்கி வைத்திருந்தா. அம்மா போன பிறகு அப்பாவின் அக்கா, என்னுடைய மாமி, எங்களோடு வந்து இருந்தா. மாமி அப்பாவுக்கு மேலே. எரிகிற அடுப்பைக்கூட எரிகிறதா என்று இரண்டு தரம் பார்ப்பா.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. மூன்று சம்பந்தங்கள் அப்பாவின் ஐமிச்சத்தில் முறிந்திருந்தன. முதலாமவர் அதிகம் கதைத்தார். இரண்டாமவர் கதைக்கவே இல்லை. மூன்றாமவர் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார், ஆகவே அவருக்கு ஏதோ நோய் வருத்தம் இருக்கிறது. நாலாவதாகத்தான் புத்தூரிலிருந்து பிரான்சுக்குப் போயிருந்த ஒருவரைத் தரகர் கொண்டுவந்தார். ஹொட்டேல் ஒன்றில் பொறுப்பான வேலை என்றார். சாதகம் பொருந்தியது, படங்கள் கைமாறின, அப்பாவும் எப்படியோ ஓமென்றார். இதுவும் முறிந்தால் இனி ஒரு தரகரும் எங்கள் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்ப மாட்டார் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். படத்தில் அந்த மனுசன் சட்டைக் கொலரை ஒரு பக்கம் மடித்தும் ஒரு பக்கம் மடிக்காமலும் நின்றார். எனக்கு அது பிடித்திருந்தது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது, சண்டைக்காலம். கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, மண்ணெண்ணெய் என்றால் மருந்து மாதிரி. கடிதங்கள் கொழும்பிலிருந்து வருகிற ஆட்களின் கையில் ஒன்றரை, இரண்டு மாதம் கழித்து வந்து சேரும். அப்படி வருகிற கடிதம் ஒருவருக்கு மட்டும் வருவதில்லை. என் பெயருக்கு வந்தாலும், நான் விறாந்தையில் கதிரையைப் போட்டு இருந்து, எல்லாரும் கேட்க உரத்து வாசிக்க வேண்டும். அப்பாவின் கண்ணாடி வெடித்துப்போய் வேறு எடுப்பிக்க வழியில்லாமல் கிடந்தது. மாமிக்குக் கண் கூர்மைதான், ஆனாலும் முறை என்று ஒன்று இருந்தது: யாருக்கு வந்ததோ அவர்தான் வாசிக்க வேண்டும்.

அந்தக் கடிதம் நாலு பக்கம். நான் வந்து சேர்ந்து கலியாண எழுத்து முடிந்த கையோடு எங்கே போவது என்று அவர் திட்டம் போட்டிருந்தார்.

"நாங்கள் பத்து நாள் பிரெத்தாஞ் என்ற கடற்கரைப் பக்கம் போய் இருப்போம்," என்று வாசித்தேன். "பிரான்சின் மேற்குக் கோடி. எங்கள் குடாநாட்டைப் போல மூன்று பக்கமும் கடல். அங்குள்ள சனம் கெல்த் என்ற பழைய இனத்தின் வழி வந்தவர்கள். அவர்களுக்கு வேறு மொழி இருக்கிறது. முன்பு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அந்த மொழியில் கதைத்தால் தண்டனையாம்."

அப்பா நிமிர்ந்தார். "அப்ப அங்கையும் பிரச்சினையோ?"

"அது முந்தினகாலக் கதை அப்பா."

"பிரச்சினை உள்ள இடத்துக்கு ஒருத்தன் ஏன் தானாப் போறான்? சரி, வாசி, வாசி."

வாசித்தேன். சூழலைக் கெடுக்காத விடுமுறை என்று அதற்குப் பெயராம். கார் இல்லை. ரயிலில் இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போய், இறங்கி, கடற்கரை வழியே ஓட வேண்டும். ஹொட்டேலில் தங்குவதில்லை, கூடாரம். கரண்ட் இல்லை, விளக்கு. தண்ணீர் கையால் அடித்து எடுக்க வேண்டும், ஒரு வாளியில் இருவரும் முகம் கழுவலாம். சவர்க்காரம் மண்ணைக் கெடுக்கும், அதனால் பாவிப்பதில்லை. சாப்பாட்டுக் கழிவு எருக்கும்பிக்குப் போகும். கறுப்பான ஒரு மாவில் அந்தச் சனம் தோசை மாதிரி ஒன்று சுடுவார்கள், அதைச் சாப்பிடலாம். கெல்த் சனத்துக்கும் முந்தின யாரோ வரிசை வரிசையாக நட்ட கற்கள் நிற்கின்றன, அதைச் சுற்றிப் பார்க்கக் காசு வேண்டாம்.

எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சைக்கிள் ஓடி, விறகு மூட்டி, ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்து, சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தோம் நாங்கள். இதைச் செய்வதற்கு ஒரு மனுசி பிரான்சுவரை போக வேண்டுமா?

மாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினா. "தம்பி, கவனிச்சனியோ? ரெண்டு சைக்கிளாம். பிள்ளை இஞ்சை இருக்கு. மற்றச் சைக்கிளை இப்ப ஆர் ஓடுறது?"

"வாங்கி வைச்சிருப்பார் மாமி."

"ஓம், ஓம். வெள்ளைக்காரி ஒருத்தி ஓடிப்போட்டு விட்ட சைக்கிளாயும் இருக்கும்."

அப்பாவின் ஐமிச்சம் வேறு திசையில் போனது. "சைக்கிளை விடுங்கோ அக்கா. கூடாரம் எண்டால் என்ன? அகதி முகாம். கரண்ட் இல்லை, சவர்க்காரம் இல்லை, ஒரு வாளித் தண்ணி. பெடியனுக்கு இருக்க வீடு இல்லை. அதைச் சொல்ல வெக்கப்பட்டு விடுமுறை எண்டு எழுதுறான். வாசிச்சு முடி பிள்ளை."

கடைசிப் பக்கம் கழிப்பறை பற்றி. அதையும் உரத்துத்தான் வாசித்தேன். அங்கே கழிப்பறைக்குத் தண்ணீர் பாவிப்பதில்லை, வாளிதான். ஒவ்வொரு தரமும் இரண்டு கை மரத்தூள் போட்டு மூட வேண்டும். தூள் ஈரமென்றால் மணக்கும், முதல்நாளே வெயிலில் காயவிட வேண்டும். சனிக்கிழமைகளில் பழைய ஆட்கள் போய்ப் புதிய ஆட்கள் வருவதால் மூன்று தரம் வாளி மாற்ற வேண்டிவரும். முக்கால்வாசிக்கு மேல் நிரம்ப விடக்கூடாது, தூக்கும்போது தளும்பும். ஒரு வருடம் ஆறவிட்டால் நல்ல எரு, மரங்களுக்குப் போடலாம்.

"சிவ சிவா!" என்று மாமி காதைப் பொத்தினா. "கலியாணம் பேசின பொம்பிளைக்கு எழுதிற கதையே இது? அவனுக்கு விசர்."

நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே, எனக்கும் ஓர் ஐமிச்சம் வந்துவிட்டது, அது அவர்கள் இருவருடையதையும்விட மோசமானது. விடுமுறைக்குப் போகிறவனுக்கு வாளி இருப்பது தெரியும். சனிக்கிழமை எத்தனை தரம் மாற்ற வேண்டும் என்பது எப்படித் தெரியும்? தூக்கினால் தளும்பும் என்பது தூக்கினவனுக்கு அல்லவா தெரியும்?

அன்று முழுக்க என் வேலைகள் ஒன்றும் ஓடவில்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். ரவுணில் கக்கூசு வாளி எடுக்க வருகிறவர்களுக்குத் தண்ணீர்கூட எட்ட நின்று ஊற்றுகிற சனம் நாங்கள். அந்தச் சனத்துக்குள் பிறந்தவள் நான். அருவருப்பாக இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். அதற்குப் பிறகு கோபம் வந்தது. ஹொட்டேலாம், பொறுப்பாம்! பொய் சொல்லத் தீர்மானித்தவன் ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் நாலாம் பக்கத்தில் வாளியையும் மரத்தூளையும் கொண்டுவந்து கொட்டுவானா? அப்பா இன்றைக்குக் கண்டுபிடிக்கவில்லை, நாளைக்கு வாழைக்குத் தண்ணீர் விடும்போது யோசித்துக் கண்டுபிடித்துவிடுவார்.

அடுத்தநாள் அப்பா சொல்லச் சொல்ல நான் மறுமொழி எழுதினேன். வீட்டு விலாசம் என்ன, வேலை செய்கிற இடத்தில் என்ன பொறுப்பு, எத்தனை அறை, கூடாரத்தில் ஏன் இருக்க வேண்டும். எழுதி முடிய அப்பா, "வாற கடிதத்திலை சரியான மறுமொழி இல்லையெண்டால் இதை விட்டிடுவம்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, முற்றத்தைப் பார்த்துச் சொன்னார். பசை காய்வதற்கு முன் நான் உறைக்குள் ஒரு சின்னத் துண்டைச் செருகிவிட்டேன். அதில் ஒரே ஒரு வரி: "வாளியை மாற்றுவது யார்?"

மூன்று மாதம் ஒன்றும் வரவில்லை. "பாத்தியே, ஆள் ஒளிச்சிட்டான்" என்று மாமி கிழமைக்கு ஒருக்காச் சொன்னா. அப்பா தரகரை ஒருநாள் வழியில் மறித்து, அந்த ஹொட்டேலின் பெயரைக் கேட்டாராம். தரகர் தலையைச் சொறிந்தாராம்.

பிறகு ஒரு மத்தியானம், மாமி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்த நேரம், கொழும்பிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் கடிதத்தைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். என் கையில் கொடுத்திருந்தால் முதலில் ஒரு தரம் தனியாகப் பார்த்திருப்பேன். அந்தக் கொடுப்பினை இல்லை. அப்பா கதிரையைக் காட்டினார். மாமி மிளகாயை அப்படியே விட்டுவிட்டு வந்து வாங்குப் பலகையில் இருந்தா. நான் பிரித்தேன்.

முதல் பத்தி சுகம் விசாரிப்பு. நன்றாக வாசித்தேன். இரண்டாவது பத்தியில் கண் முன்னே ஓடிவிட்டது, வாய் நின்றுவிட்டது.

கடுதாசியில் இருந்தது இதுதான். "வாளியை மாற்றுவது நான்தான். ஹொட்டேல் என்று தரகர் சொன்னார், நான் மறுக்கவில்லை, அது என் பிழை. ஒரு கமக்காரரின் காணியில் கோடைக்குக் கூடாரம் அடிக்க விடுவார்கள். வாளி எடுப்பது, மரத்தூள் காயப்போடுவது, சைக்கிள் திருத்துவது என் வேலை. மூன்று வருடமாக மற்றவர்கள் விடுமுறைக்கு வந்து போவதைப் பார்க்கிறேன். நான் ஒருநாளும் அந்தக் கூடாரத்துக்குள் படுத்து எழும்பிக் கடலைப் பார்த்ததில்லை. நீங்கள் வந்தால் பத்து நாள் ஒரு கூடாரத்தைச் சும்மா தருகிறேன் என்று கமக்காரர் சொன்னார். அந்தப் பத்து நாளும் வேறு யாரோ வாளி மாற்றுவார். உங்களை அங்கே ஒரு விருந்தாளியாக இருத்திப் பார்க்க வேண்டும் என்றுதான் எழுதினேன். வேண்டாமென்றால் சொல்லுங்கள், உங்கள் படத்தைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன்."

"என்ன பிள்ளை, நிண்டிட்டாய்?" என்றார் அப்பா.

"எழுத்து விளங்கேல்லை அப்பா. கொஞ்சம் பொறுங்கோ."

யோசிக்க நேரம் எங்கே? வாய் தானாகத் திறந்தது. "நான் வேலை செய்கிற இடம் ஊரிலுள்ள ஹொட்டேல் போன்றதல்ல," என்று வாசித்தேன். "ஒரு பெரிய கமக்காரரின் காணியில், கடலோரத்தில், விடுமுறைக்கு வருகிறவர்கள் தங்குகிற இடம். அதன் பொறுப்பு என்னிடம். என் கைக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்கள். துப்புரவு எப்படி நடக்கிறது என்று நான்தான் மேற்பார்க்க வேண்டும், அதனால்தான் போன கடிதத்தில் அவ்வளவு விபரமாக எழுதிவிட்டேன், குறை நினைக்க வேண்டாம். முதலாளி எங்களுக்குப் பத்து நாள் சும்மா தங்கத் தருகிறார்."

ஒரு சொல் தடக்கவில்லை. நாலு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்று எனக்கே தெரியாது. இன்னும் நேரில் பார்க்காத ஒரு மனுசனுக்காக என் வீட்டு விறாந்தையில் இருந்து என் அப்பாவிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரைக் கட்டுவது என்று தீர்மானித்ததும் அந்த இடத்தில்தான். அதற்கு முன்னர் உண்மையாகத் தீர்மானித்திருக்கவில்லை.

மாமி கையை நீட்டினா. "இஞ்சை கொண்டா பாப்பம். நான் ஒருக்கா வாசிக்கிறன்."

என் கை கடுதாசியை விடவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"வேண்டாம் அக்கா," என்றார் அப்பா. "பிள்ளை வாசிச்சது காணும்."

"இல்லைத் தம்பி, ஒரு சொல் அங்கை இங்கை..."

"பிள்ளை எனக்குப் பொய் வாசிப்பாளே?" சொல்லிவிட்டு எழும்பி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். போகிற வழியில் திரும்பி, ஊரை விட்டு வெளியேற எடுக்க வேண்டிய பாஸுக்கு எழுதிப் போடச் சொன்னார்.

நான் கிணற்றடிக்குப் போய் இருந்து அழுதேன். தப்பிவிட்டேன் என்ற அழுகை இல்லை. உலகத்தில் ஒருத்தரையும் நம்பாத அந்த மனுசன் நம்பிக்கைக்கென்று என்னை ஒருத்தியைத்தான் வைத்திருந்தார் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது.

அடுத்த வைகாசியில் போய்ச் சேர்ந்தேன். அந்தக் கூடாரத்தில் பத்து நாள் இருந்தோம். பதினோராம் நாள் காலை அவர் வாளி எடுக்கப் போனபோது மரத்தூளை நான் கொண்டுபோனேன். அப்பாவுக்கு இதை எழுதவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் சொல்லுவார்கள், அப்பா சந்தையிலும் கோயிலடியிலும் யாரைக் கண்டாலும் மறித்து வைத்து, "மருமேன்ரை கைக்குக் கீழை நாலு பேர் வேலை செய்யினம்" என்கிறாராம். கேட்கிறவர் ஐமிச்சப்பட்டுச் சிரித்தால் கோபித்துக்கொள்வாராம். "என்ரை பிள்ளை வாசிச்சவள்" என்பாராம். சாகும்வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.