டெனர் நோட்டுக்காக ஒரு சனிக்கிழமை

காலை ஐந்தே முக்காலுக்குத் தாம்பரம் வர வேண்டிய வண்டி ஆறே முக்காலுக்குத்தான் வந்தது. திருச்சியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், சுற்றாத மின்விசிறிக்குக் கீழே, மேல் பெர்த்தில் படுத்து வந்திருந்தேன். 2007-ஆம் ஆண்டு, ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை. பிளாட்பாரத்தில் கால் வைத்ததுமே அடுத்த வண்டியைப் பிடித்துத் திரும்பிவிடலாமா என்றிருந்தது. வந்த காரியம் என்னவோ சின்னதுதான். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்றை மறுநாள் காலைக்குள் கண்டுபிடிக்க வேண்டும்.

என் அப்பா தேவசகாயம் இறந்து மறுநாளோடு ஒரு வருடம். சேலையூரில் எங்கள் சர்ச்சில் ஞாயிறு ஆராதனையோடு அவருக்காக நன்றி ஜெபம் வைத்திருந்தார்கள். அவர் மெட்டமைத்த பாட்டு ஒன்றைப் பாடகர் குழு பாட வேண்டும். அது நான்கு குரல் பாட்டு. அதில் டெனர் என்கிற ஆண்களின் மேல் குரல் யாரிடமும் இல்லை.

இதற்குக் காரணம் அப்பாவேதான். அவர் ஒரு பாட்டை முழுசாக ஒரே தாளில் எழுதவே மாட்டார். டோ ரே மீ எழுத்துகளில் சுரம் குறித்து, ஒவ்வொரு குரலையும் தனித்தனி நோட்டில் எழுதி, ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார். நகல் கிடையாது. “எல்லாத்தையும் ஒருத்தன் கையில குடுத்தா அவன் வீட்லயே உக்காந்து பாடிப்பான். நாலு பேரும் வந்தாத்தான் பாட்டு” என்பார். ஃபுட்பாலிலும் இதே கதைதான். சர்ச் டீமின் பந்து ஒருவர் வீட்டில், பம்பு இன்னொருவர் வீட்டில், வலை மூன்றாமவர் வீட்டில், விசில் மட்டும் அப்பாவின் சட்டைப் பையில். யாராவது ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. நல்ல மனிதர்தான், ஆனால் இப்படி ஊரையே முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் போனால் பின்னால் வருகிறவள் என்ன செய்வாள்?

காலை 7.15. ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ. சேலையூர் கேம்ப் ரோட்டுக்கு ஐந்து ரூபாய், மூன்று கிலோமீட்டர் இருக்கலாம்.

“இன்னும் ஒரு ஆளு வரட்டும்கா, கெளம்பிடலாம்” என்றார் ஓட்டுநர்.

“ஏற்கெனவே ஏழு பேர் இருக்கோமே?”

“இன்னாக்கா நீ, பின்னாடி எவ்ளோ எடம் கீது பாரு.”

அந்த இடத்தில் ஒரு கூடையும் கூடைக்காரம்மாவும் ஏறிய பிறகு வண்டி கிளம்பியது. என் பையை என் மடியில் வைக்கக்கூட வழியில்லை, பக்கத்திலிருந்தவர் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

காலை 7.45, மெர்சி அக்கா வீடு. சர்ச்சில் முப்பது வருடமாக ஆர்கன் வாசிப்பவர் மெர்சி அக்கா. புதன்கிழமை எனக்குப் போன் செய்து, “டெனர் நோட்டு எட்வின்கிட்ட இருக்கு. நாங்க கேட்டா தர மாட்டான். நீ போய்க் கேளு” என்று வரவழைத்தவர் அவர்தான். காபி கொடுத்தார். நோட்டுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா, நீங்களே அந்தக் குரலை எழுதிவிடலாமே என்று அலுத்துக்கொண்டேன். ஒன்பது வருடமாக மூன்று குரலில்தானே பாடுகிறார்கள்!

“உங்கப்பா பாட்டுல நான் கை வைக்கிறதா? நல்லா இருக்கே” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நடுவுல நாங்க எல்லாரும் வாய மூடிட்டு நிக்கிறோமே, பதினாறு எண்ணுற நேரம். அது என்னன்னு நெனச்ச?”

“பாட்டுல வர்ற நிறுத்தம்னு நெனச்சேன்.”

“நிறுத்தமா! அது டெனர் தனியாப் பாடுற எடம்டி. அந்தப் பாட்ட மொத தடவ சர்ச்சுல பாடுறதுக்கு முன்னாடியே எட்வின் போயிட்டான்.”

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஒவ்வொரு சர்ச் விழாவிலும் அந்த இடம் வரும்போது எல்லோரும் அமைதியாக நிற்க, அப்பா மட்டும் கையை அசைத்துப் பதினாறு எண்ணுவார். என்ன அழகான நிறுத்தம் என்று முதல் பெஞ்சில் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன். வராத ஒருவருக்காக அவர் எண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இந்த வயதில், அவர் போன பிறகு தெரிகிறது. வெட்கமாக இருந்தது.

எங்கள் டெனரான எட்வின் அண்ணன் ஒன்பது வருடம் முன்பு சண்டை போட்டுக்கொண்டு போனது ஃபுட்பாலில். பக்கத்து சர்ச்சோடு இறுதி ஆட்டம். அப்பா நடுவர், எட்வின் அண்ணன் எங்கள் டீம். கடைசி நிமிடத்தில் அவர் போட்ட கோலை, கையில் பட்டது என்று அப்பா செல்லாது என்றார். படவே இல்லை என்று எட்வின் அண்ணன் சாதித்தார், வேறு யாரும் அதைப் பார்க்கவில்லை. தோற்றோம். அன்று மைதானத்தில் எலுமிச்சம்பழம் நறுக்கிக்கொண்டிருந்த நானே அப்பாவோடு இரண்டு நாள் பேசவில்லை. எட்வின் அண்ணன் அதற்குப் பிறகு சர்ச்சுக்கே வரவில்லை.

காலை 9.30. மெர்சி அக்கா கொடுத்த முகவரி குன்றத்தூர். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வழியாகப் பேருந்து, ஏழு ரூபாய். ஒன்றேகால் மணி நேரம் நின்றுகொண்டே போனேன். மலை மேல் முருகன் கோயில் தெரிந்தபோது பேருந்தில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். முருகனோ இயேசுவோ, யாராவது ஓர் இருக்கை வாங்கிக் கொடுத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

முகவரியில் இருந்த வீட்டில் பூட்டு. பக்கத்து வீட்டம்மா துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னார்.

“எட்வினா? அவுங்க வூட்ட காலி பண்ணிகினு போயி ரெண்டு வருஷம் ஆவுதும்மா. மழைத் தண்ணி உள்ள பூந்து கட்டில் வரிக்கும் ஏறிச்சு. பொஸ்தகம், துணி, டிவி, ஒண்ணு மிஞ்சல. பேஜாராயிட்டாரு பாவம்.”

“இப்ப எங்க இருக்காங்க?”

“மறைமலை நகர்ல. கார் கம்பெனிக்கு ஏதோ பார்ட்ஸ் பண்றாங்களாமே, அங்கதான் வேலை.” உள்ளே போய் காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்த செல் நம்பரைப் பார்த்துச் சொன்னார்.

தெருமுனைப் பூத்திலிருந்து பேசினேன். தேவசகாயம் மகள் என்றேன். “ரெண்டரைக்கு பிரேக்கு. கேட்டுக்கு வாங்க” என்று கம்பெனி பேரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

புத்தகம் எதுவும் மிஞ்சவில்லை என்று பக்கத்து வீட்டம்மா சொன்ன பிறகு நான் ஏன் போக வேண்டும்? பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் இதையே கேட்டுக்கொண்டேன். தாம்பரத்தில் இரண்டு இட்லி தின்றுவிட்டு, ஆறு ரூபாய்க்கு மறைமலை நகர் டிக்கெட் எடுத்து மின்சார ரயிலில் உட்கார்ந்தேன். அன்று கிடைத்த முதல் இருக்கை அது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம் வரைக்கும் நினைவிருக்கிறது. பொத்தேரியில் மாணவர்கள் கூட்டமாக இறங்கிய சத்தத்தில்தான் விழித்தேன்.

பிற்பகல் 2.30. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து உள்ளே முக்கால் கிலோமீட்டர் நடை, நல்ல வெயில். கேட்டுக்கு எதிரே டீக்கடை. நீலச் சட்டையில் ஒருவர் வந்தார். முன்தலை வழுக்கை, கொஞ்சம் தொப்பை. பந்தோடு ஓடிய எட்வின் அண்ணனை அந்த ஆளுக்குள் தேட வேண்டியிருந்தது. மூன்று ரூபாய் டீ இரண்டு சொன்னார்.

“சாவுக்கு நான் வரல” என்றார் எடுத்தவுடனே.

“தெரியும்ணா.”

“எந்த மூஞ்சியோட வர்றது?”

நோட்டைப் பற்றிக் கேட்டேன். தண்ணீரில் போய்விட்டது என்றார். ஆனால் பாட்டு போகவில்லை, தினமும் மெஷின் சத்தத்தில் பாடிக்கொண்டுதான் நிற்கிறேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. பையிலிருந்து காகிதமும் பேனாவும் எடுத்து, “பாடுங்கண்ணா, எழுதிக்கிறேன்” என்றேன்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடி மெல்லப் பாடினார். என் பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. அரை சேலையூருக்குச் சுரம் படிக்கச் சொல்லிக் கொடுத்த மனிதரின் மகளுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. சனிக்கிழமை மாலை ஆனால் அப்பா கூப்பிடுவார், நான் தலைவலி என்று படுத்துக்கொள்வேன்.

“வராதா?” என்றார் எட்வின் அண்ணன்.

“வராதுண்ணா. நீங்களே எழுதிக் குடுத்துடுங்களேன்.”

“எனக்குப் படிக்கத்தாம்மா வரும். அவரு எழுதுவாரு, நான் பாடுவேன்.” கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப நான்தான் வரணும், இல்ல?”

காகிதத்தைக் கைப்பைக்குள் திணித்தேன்.

“கையில பட்டுச்சும்மா” என்றார் திடீரென்று. “நல்லாவே பட்டுச்சு. எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். அவரு யார்கிட்டயும் என்னைப் பொய்யன்னு சொல்லல. அதான் தாங்கல.”

உள்ளே மணி அடித்தது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்தவர், கேட்டைத் தாண்டிய பிறகு திரும்பி, “ஆராதனை எட்டரைதானே இன்னும்?” என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

ஞாயிறு காலை 8.30. அவர் வரவில்லை. முதல் பாட்டு முடிந்தது, வேத வாசிப்பு முடிந்தது. மெர்சி அக்கா ஆர்கனிலிருந்து என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். பிரசங்கத்தின் நடுவில் பின் கதவு வழியாக வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார் எட்வின் அண்ணன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில்.

அப்பாவின் பாட்டுக்குக் குழு எழுந்து நின்றது. அவர் எழுந்திருக்கவில்லை. மூன்று குரல்கள் தொடங்கின. ஒன்பது வருடப் பழக்கத்தில், அந்த இடம் வந்ததும் எல்லோரும் தானாக வாயை மூடினார்கள். கையசைத்து எண்ணத்தான் அன்று ஆள் இல்லை. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தில் கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. பாடிக்கொண்டே நடுப்பாதையில் நடந்து வந்து, டெனர் நிற்கும் இடத்தில் போய் நின்றார். தாமதமாக நுழைந்ததற்கு அப்பா இருந்திருந்தால் பாட்டை நிறுத்தி முதலிலிருந்து பாடச் சொல்லியிருப்பார். மெர்சி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டதில் ஒரு கையின் சுரம் தவறியது. நான் வாய்விட்டு அழுதேன், அதற்குமேல் எண்ணவில்லை.

பிற்பகலில் திருச்சி வண்டி. தாம்பரத்தை விட்டு அரை மணி நேரத்தில் மறைமலை நகர் வந்தது. முந்தைய நாள் அவ்வளவு பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த ஊரை வண்டி நிற்காமல் கடந்தது. கால் வலித்தது, கண் எரிந்தது. திருச்சியிலும் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் சர்ச் இருக்கிறது, அதற்கும் பாடகர் குழு இருக்கிறது, சனிக்கிழமை மாலை அவர்கள் பாடிப் பழகுவது என் வீட்டு ஜன்னல் வரை கேட்கும். நான் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக்கொள்வேன். கைப்பையைத் திறந்தபோது டீக்கடையில் எடுத்த காகிதம் கையில் தட்டுப்பட்டது. அதில் நான் ஒரு புள்ளி வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதைத் தூக்கி எறியாமல் மடித்து வைத்துக்கொண்டேன்.